அடித்த பந்து ஏன் தூரம் போகவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாப்ட்பாலில் மட்டைக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், வணக்கம். என் மகள் படிவம் 2 படிக்கிறாள், பள்ளி சாப்ட்பால் குழுவில் இருக்கிறாள். பந்தைத் தவறவிடுவது அபூர்வம். ஆனால் அடித்த பந்து இன்பீல்டை, அதாவது திடலின் உள்பகுதியைத் தாண்டுவதே இல்லை, உருண்டு போய் அங்கே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாளர் கையில் விழுகிறது. "இன்னும் பலமா அடி" என்று திடலோரத்தில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அவள் ஒல்லி, உயரமும் குறைவு. முட்டை, பால் என்று கொடுத்துப் பார்க்கிறேன். கையில் சதை போட்டால்தான் சரியாகுமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: முட்டையும் பாலும் கொடுங்கள் சகோதரி, வளரும் பிள்ளைக்கு வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு மருந்து அதில் இல்லை. பந்தைத் தவறவிடாத பிள்ளை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் கற்றுக்கொடுக்க ரொம்பக் கஷ்டமான பாதி அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெண்கள் சாப்ட்பாலில் பந்து போடும் பிட்சர் நிற்கும் தூரம் 43 அடி, அதாவது 13 மீட்டர் சொச்சம். பிட்சர் முன்னால் காலெடுத்து வைத்துப் பந்தை விடுவதால் அதிலும் ஒன்றிரண்டு மீட்டர் குறைந்துவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால் அரை விநாடிக்குள் உங்கள் மகள் பார்த்து, முடிவு செய்து, வீசி முடித்திருக்க வேண்டும். அதை அவள் செய்கிறாள்.

"பலமா அடி" என்று கத்துவதுதான் அவளைக் கெடுக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எந்தப் பிள்ளையும் என்ன செய்யும்? தோளை இறுக்கும், பல்லைக் கடிக்கும், கையால் மட்டையை இழுக்கும். கை நம் உடம்பில் சின்னத் தசைகள் உள்ள இடம். பெரிய தசைகள் எல்லாம் தொடையிலும் பின்புறத்திலும் இடுப்பைச் சுற்றியும் இருக்கின்றன. கை முதலில் கிளம்பிவிட்டால் அவை எல்லாம் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். அப்புறம் எத்தனை முட்டை சாப்பிட்டாலும் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம்தான் போகும்.

பலம் தரையில் ஆரம்பிக்கிறது. பின்னங்கால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, அதன் பின்னால் நெஞ்சு திரும்ப, அதன் பின்னால் கை, கடைசியில் மட்டையின் நுனி, இந்த வரிசையில்தான் வேகம் கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்து மெதுவாகும்போது அடுத்தது அதைவிட வேகமாகக் கிளம்பும், அதனால்தான் இடுப்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் மட்டை நுனி பறக்கிறது. வரிசையில் ஒன்று முந்திக்கொண்டாலும் கணக்கு தப்பிவிடும்.

வீட்டு வாசலிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். அவளை மட்டையோடு நிற்கச் சொல்லுங்கள். எடை பின்னங்காலின் உள்தொடையில் இறங்க வேண்டும், முழங்கால் பாதத்துக்கு வெளியே சாயக் கூடாது. முன்னங்காலை ஒரு சாண் தூரம் மெதுவாக எடுத்து வைத்து, விரல் பக்கம் முதலில் தரையைத் தொட, அப்படியே நிற்கட்டும். இப்போது பாருங்கள்: கால் முன்னால் போய்விட்டது, கை இன்னும் பின் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? காலோடு கையும் சேர்ந்து முன்னால் வந்திருந்தால் அங்கேயே பாதிப் பலம் போயிற்று. கீழ் உடம்பு ஒரு பக்கம் கிளம்ப, மேல் உடம்பு இன்னும் வராமல் பிடித்து வைக்க, நடுவில் இடுப்புக்கு மேலே உள்ள தசை ஈரத் துணியை முறுக்கின மாதிரி முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கு அவிழ்வதுதான் அடி. முறுக்கு ஏறாமல் அவிழ எதுவும் இல்லை.

அடுத்து முன்னங்குதிகால் தரையில் பதிகிறது. பதிந்ததும் முன்னங்கால் உறுதியாக ஊன்றி, கிட்டத்தட்ட நேராக வேண்டும். நிறையப் பேர் கவனிக்காத இடம் இதுதான், நான் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இங்கேதான் ஓட்டை. முன் முழங்கால் மடங்கிக்கொண்டே போனால் உடம்பு பிட்சரை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும், திரும்பாது. முன்னங்கால் தடுத்து நிறுத்தினால்தான் முன்னோக்கிப் போன வேகம் இடுப்புச் சுழற்சியாக மாறும்.

இதெல்லாம் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வீடியோகூட வேண்டாம். நம் ஊரில் மதிய மழை விட்டதும் திடலில் பேட்டர் நிற்கும் இடம் சேறாக இருக்குமே, அடித்து முடித்ததும் அவள் பின்னங்கால் இருந்த இடத்தைக் குனிந்து பாருங்கள். முழுப் பாதமும் சப்பையாகப் பதிந்து, அச்சு அப்படியே இருந்தால் இடுப்பு வேலை செய்யவே இல்லை. ஒரே இடத்தில் வட்டமாகக் குடைந்த மாதிரி இருந்தால் திரும்புகிறாள், ஆனால் எடை பின்னாலேயே தங்கிவிட்டது. காலின் முன்பக்கத் தடம் மட்டும் தெரிந்து, அதிலிருந்து பிட்சர் பக்கமாக இரண்டு மூன்று விரல் நீளத்துக்குச் சேறு இழுபட்டிருந்தால், சபாஷ், எடை முன்னால் போயிருக்கிறது. "பூச்சியை நசுக்கு" என்று பின்னங்காலைக் குடையச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. இடுப்பைத் திருப்பவே தெரியாத சின்னப் பிள்ளைக்கு முதல் வாரம் அது உதவும், அதற்குமேல் அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

பந்து உருள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். "மேலிருந்து கீழே வெட்டு" என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். வரும் பந்து பெரும்பாலும் சற்றுக் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது. மட்டையும் கீழ்நோக்கி வந்தால் இரண்டும் சந்திப்பது ஒரே ஒரு புள்ளியில், அதுவும் பந்தின் மேல் பாதியில். பேஸ்பாலில் 1941இல் .406 சராசரி (பத்துக்கு நாலு முறை வெற்றிகரமான அடி) எடுத்த டெட் வில்லியம்ஸ், வீச்சு லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும், இடுப்பு முன்னால் வழிகாட்ட வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர். மட்டை பந்து வரும் பாதைக்குள் சீக்கிரம் நுழைந்து அதே பாதையில் கொஞ்சம் மேலேறினால் நேரம் சற்றுத் தப்பினாலும் பந்து நன்றாகப் படும். பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் வலக்கைக்காரருக்கு வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே மணிக்கட்டு உருண்டுவிட்டால் பந்து நிச்சயம் தரையோடு போகும்.

அப்புறம் உயரம். ஹோசே அல்டூவே என்று வெனிசுவேலாக்காரர் ஒருவர் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் ஆடுகிறார், உயரம் 168 சென்டிமீட்டர். 2017இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லாத் தளத்தையும் சுற்றி வருவது) கணக்கு 200ஐத் தாண்டிவிட்டது. மகளிடம் அவர் அடிக்கும் வீடியோவைக் காட்டுங்கள், கையைப் பார்க்காமல் இடுப்பையும் முன்னங்காலையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். திடலோரத்தில் கத்துகிறவர்களிடம், கத்துவதானால் "முன்னங்கால்!" என்று கத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வார இறுதியில் நண்பர்களோடு ஸ்லோ பிட்ச் (பந்தை மெதுவாகத் தூக்கிப் போடும் சாப்ட்பால்) ஆடுகிறேன். 26 அவுன்ஸ் மட்டை வைத்திருந்தேன். கனமான மட்டைதான் பந்தைத் தூரம் தள்ளும் என்று சொன்னார்கள் என்று 30 அவுன்ஸ் வாங்கினேன், முந்நூறு வெள்ளிக்கு மேல் ஆனது. பந்து முன்பைவிடக் குறைவாகத்தான் போகிறது. மட்டையில் கோளாறா, என்னிடம் கோளாறா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மட்டையில் கோளாறு இல்லை தம்பி. ஒரே வேகத்தில் வீச முடிந்தால் கனமான மட்டை கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், உங்கள் நண்பர்கள் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை. ஆனால் 740 கிராமிலிருந்து 850 கிராமுக்குப் போனதும் உங்களால் அதே வேகத்தில் வீச முடியவில்லை, வீச்சு தாமதமாகிறது, பந்து மட்டையின் நல்ல இடத்தில் படுவதும் குறைகிறது. மட்டையின் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கூடினால், அடிபட்டுப் போகும் பந்தின் வேகத்தில் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் கூடும். எதிரே வரும் பந்தின் வேகம் ஒரு கிலோமீட்டர் கூடினால் கிடைப்பது சுமார் 0.2 மட்டும். பேஸ்பாலுக்குப் போட்ட கணக்கு இது, சாப்ட்பாலிலும் கதை பெரிதாக மாறாது. ஸ்லோ பிட்சில் பிட்சர் உங்களுக்கு வேகமே தருவதில்லை, மேலே தூக்கிப் போடுகிறார், ஆகவே எல்லா வேகத்தையும் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அங்கே வீச்சின் வேகத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டம்.

மட்டையை ஒரு கையால் பிடியின் அடியில் பிடித்து, பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடியாவிட்டால் அது உங்களுக்கு இப்போதைக்குக் கனம். இது கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் சோதனை, துல்லியமானது இல்லை, ஆனாலும் கையில் காசை வைத்துக்கொண்டு கடையில் நிற்கும்போது இது போதும். இன்னொன்று, இரண்டு மட்டை ஒரே எடை காட்டினாலும் எடை நுனியில் இருக்கிறதா பிடிப் பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வீசும்போது ஒன்று கனமாக இருக்கும், அதனால் வீசிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

30 அவுன்ஸை விற்றுவிட வேண்டாம். பயிற்சியில் சில வீச்சுகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்குப் பழையதை எடுங்கள். ஸ்லோ பிட்ச் பந்து செங்குத்தாக இறங்குவதால் நான் மேலே சொன்ன மேல்நோக்கிய வீச்சு உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

கேள்வி: மட்டையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்? சில நேரம் அடித்ததும் கட்டை விரல் அடியில் சுரீர் என்று வலிக்கிறது.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மட்டை நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான், உங்கள் பிடியின் இறுக்கம் அந்த நேரத்துக்குள் பந்துக்குப் போய்ச் சேரவே சேராது. ஆனால் முன்கூட்டியே இறுக்கினால் மணிக்கட்டும் முன்னங்கையும் விறைத்து வீச்சு மெதுவாகிவிடும். விரல்களில் பிடியுங்கள், உள்ளங்கைக்குள் புதைக்காதீர்கள், கதவைத் தட்டும் விரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரட்டும்.

சுரீர் என்ற வலி, பந்து மட்டையின் நல்ல இடத்தில் படாததால் வரும் அதிர்வு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: பிடியின் குமிழை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து மட்டையைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், இன்னொரு கையில் பந்தை வைத்து நுனியிலிருந்து மேலே ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நுனியில் தட்டினால் விரலில் ரீங்காரம் வரும். ஐந்து, ஆறு அங்குலம் வந்ததும் ரீங்காரம் சட்டென்று அடங்கும், சத்தமும் கெட்டியாகும். தாண்டிப் போனால் மறுபடி அதிரும். அடங்கும் இடத்தில் டேப் ஒரு சுற்று ஒட்டிப் பயிற்சி செய்யுங்கள். கைக்கு மிக அருகில் வரும் பந்தை அடித்து வலி வாங்குவதை இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

கேள்வி: நான் படிவம் 4. சின்ன வயதிலிருந்து சிலம்பம் கற்கிறேன். இந்த வருடம் சாப்ட்பாலிலும் சேர்ந்தேன். சிலம்பம் ஆடினால் அடி கெட்டுப்போகும் என்று ஒருவர் சொல்ல, எங்கள் மாஸ்டரோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– மாணவர், ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் மாஸ்டர் சொல்வதுதான் சரி. சிலம்பத்தில் காலடி வைக்காமல் கம்பு சுற்றினால் மாஸ்டர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். பாதம் ஊன்றுவது, இடுப்பைத் திருப்பி அந்த வேகத்தைக் கம்பு முனைக்கு அனுப்புவது, தலை ஆடாமல் எதிராளியைப் பார்ப்பது, இவை மூன்றும் அப்படியே இங்கே வேண்டும்.

ஜப்பானில் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடிய சதாஹாரு ஓ 868 ஹோம் ரன் அடித்தவர். தொடக்கத்தில் அவர் நன்றாகத் தடுமாறினார். அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை கற்றவர், இவரை ஐகிடோவுக்கும் அழைத்துப் போனார், வாளும் பிடிக்க வைத்தார். தொங்கவிட்ட காகிதத்தை ஒரே வீச்சில் வெட்டுவது அவர்களுடைய பயிற்சி. காகிதம் கைப்பலத்துக்கு வெட்டுப்படாது, தள்ளினால் ஒதுங்கிப்போகும், முழு உடம்பும் ஒன்றாக வந்து வாளின் விளிம்பு நேராகப் போனால்தான் வெட்டுப்படும். ஓ முன்னங்காலை முழங்கால் மடித்துத் தூக்கி ஒற்றைக்காலில் நின்று அடிப்பாரே, அந்த நிற்பும் அந்தக் காலத்தில் 1962 வாக்கில் வந்ததுதான். கையை அவசரப்படுத்தாமல் காத்திருக்க அது அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சிலம்பத்தில் கம்பு பெரிய வட்டமாகச் சுற்றும். சாப்ட்பாலில் வட்டம் ஆரம்பத்தில் சின்னதாக இருக்க வேண்டும்: பின் முழங்கை விலாவை ஒட்டி இறங்க, மட்டையின் பருத்த பகுதி பின்னால் தங்கி வர, பந்தைத் தொட்ட பிறகுதான் இரண்டு கையும் நீள வேண்டும். முதலிலேயே கை நீண்டால் வீச்சு மெதுவாகும், உள்பக்கம் வரும் பந்து கைப்பக்கம் பட்டுவிடும். பள்ளி வேலிக்கு முன்னால் நில்லுங்கள், மட்டையின் குமிழை வயிற்றில் வைத்து நுனி வேலியைத் தொடும் தூரம். அங்கிருந்து வேலியில் படாமல் வீசிப் பழகுங்கள். பழைய மட்டையோடு செய்யுங்கள், முதல் நாள் வேலியில் படும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 15. தினமும் இருநூறு முந்நூறு முறை வீசுகிறான். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே நடு முதுகெலும்போரம் வலி என்கிறான், குனிந்தால் பரவாயில்லை, பின்னால் வளைந்தால் வலிக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். தொடர்ந்து ஆடலாமா?
– ஒரு தந்தை, கெப்போங்

பதில்: வேண்டாம் ஐயா. இன்றே நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். வளரும் வயதில் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப முறுக்கி வளைவதால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் வருவது உண்டு, பின்னால் வளையும்போது வலிப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாத வலியை எண்ணெயில் விடக் கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் திரும்பி வந்து ஆடுகிறார்கள். குணமான பிறகு, கவனமான ஐம்பது வீச்சு போதும், நடுநடுவே எதிர்ப்பக்கமும் வீசட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பதினெட்டு மாணவிகள், மூன்று மட்டை, ஒரு டஜன் பந்துகூட இல்லை. பாதி நாள் மழை. அடிக்கும் பயிற்சியை எப்படி நடத்துவது?
– ஆசிரியை, நிபோங் திபால்

பதில்: டீச்சர், உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் சின்னப் பள்ளிகளில் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் பேட்மின்டன் மண்டபம் ஏதாவது இருக்கும், இரவு ஆட்டம் முடிந்ததும் அங்கே உடைந்த இறகுப்பந்துகளைப் பை பையாக வீசுவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்குமாற்றுக் கட்டையை மட்டை நீளத்துக்கு அறுத்து, நுனியில் டேப் சுற்றினால் பதினெட்டுப் பேருக்கும் மட்டை ஆயிற்று. ஒருத்தி எதிரே நாலைந்து மீட்டரில் நின்று இறகுப்பந்தைக் கீழ்க்கையால் போட, இன்னொருத்தி அடிக்கட்டும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் இறகு அதைப் பிடித்து நிறுத்திவிடும், அதனால் மழை நாளில் கூரையுள்ள மண்டபத்திலோ நடைபாதையிலோ தாராளமாக ஆடலாம். போடுகிறவள் கண்ணுக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிடுங்கள், ஜோடிகளுக்கு நடுவே கட்டை வீசும் அளவுக்கு இடம் விடுங்கள்.

மெல்லிய கட்டையால் சின்னப் பந்தை அடித்துப் பழகியவளுக்கு 12 அங்குலச் சுற்றளவுள்ள சாப்ட்பால் பெரிதாகத் தெரியும். வீச்சும் வேகமாகும், கட்டை இலேசு அல்லவா. நிஜ மட்டை மூன்றையும் ஒரு மூலையில் வைத்து, போக்குவரத்துக் கோனின் தலையில் பந்தை உட்காரவைத்து வலைக்குள் அடிக்கச் சொல்லுங்கள், ஆளுக்குப் பத்து அடி, சுற்று முறையில். கோன் உயரம் போதாவிட்டால் நாற்காலி மேல் ஏற்றுங்கள். மூன்றாவது மூலையில் மட்டையே இல்லாமல், ஒரு பழைய கூடைப்பந்தை இரண்டு கையால் இடுப்பருகில் பிடித்து, அடிக்கும் நிலையிலிருந்து சுவரில் எறியட்டும். கையால் எறிந்தால் பந்து பொத்தென்று விழும், இடுப்பால் எறிந்தால் சுவரில் பட்டுத் திரும்பி வரும், வித்தியாசத்தை அவர்களே உணர்ந்துவிடுவார்கள், நீங்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

மழை விட்டதும் திடலுக்கு இறங்கலாம், ஆனால் எங்கேயாவது இடி உறுமினால் உலோக மட்டைகளைப் போட்டுவிட்டு எல்லாரையும் உள்ளே கூட்டிவந்துவிடுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வெளியே. ஈர மட்டைப்பிடியைத் துடைக்க ஆளுக்கொரு சிறு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், நழுவிப் பறக்கும் மட்டை பந்தைவிட ஆபத்து.